மேட்ரனிடம் கேட்கக் கூடாத கேள்வி

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
2-3-1958

என் உயிரான அண்ணனுக்கு,

மாதா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். வழக்கம்போல உங்கள் கடிதத்தின் முதல் வரியே “சாப்பிட்டாயா?” சாப்பிட்டேன், அண்ணா. ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் என்பதால் ஒருசந்திதான், ஒரு வேளைச் சாப்பாடு.

ஆஸ்பத்திரியில் ஆயா வேலை முடிந்ததும் தேக்காவில் ஜோசபின் டீச்சரிடம் இங்கிலீஷ் பேசக் கற்கிறேன். இரவல் வாங்கினால் ‘பாரோ’, கொடுத்தால் ‘லெண்ட்’. எனக்கு இன்னும் இடம் மாறித்தான் வருகிறது. வெள்ளைக்காரர்களிடம் பேச்சை வெயில், மழையில் தொடங்க வேண்டுமாம். “சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேட்றாதே லா, விருந்துக்குக் கூப்பிடுறேன்னு நினைச்சுக்குவாங்க” என்கிறார் டீச்சர். இந்த ஊர் மழையில் பேச என்ன இருக்கிறது? ஆனாலும் என்னோடு படிக்கும் ஒரு சீனப் பெண்ணும் ஒரு மலாய்க்காரரும் நானும் அந்த மழையைப் பற்றியே பேசிப் பேசிச் சிரித்தோம். எனக்கு ஒரே பிரமிப்பு.

நர்ஸ் பயிற்சிக்கு எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ்களின் தலைவி, வெள்ளைக்கார மேட்ரன், ஆள் எடுக்கிறார். நேர்முகம் முழுக்க இங்கிலீஷில். போகட்டுமா?

உங்கள் தங்கச்சி,
பிரிஜட்

குளுவாங்
9-3-1958

பிரிஜட்டுக்கு,

போக வேண்டாம். ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் உனக்குக் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்கச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை நான் வேலை பார்க்கும் ரப்பர் தோட்டத்து லாரி டிரைவர், நல்ல பையன். அம்மா போனதிலிருந்து உன்னை வளர்த்தவன் நான். வேலையை விட்டுவிட்டு ரயில் ஏறு.

சூசைநாதன்

சிங்கப்பூர்
20-3-1958

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் நேர்முகத்துக்குப் போனேன். கோபப்படுங்கள். ஆனால் நான் சாப்பிட்டேனா என்று நீங்கள் கேட்காத முதல் கடிதம் அது. அன்று முழுக்க அழுதேன்.

மேட்ரன் முன்னால் உட்கார்ந்ததும் படித்த வெயில், மழை எல்லாம் மறந்துபோயிற்று. மணி மூன்று. அந்த அம்மாள் முகம் வாடியிருந்தது. வாய் தானாகக் கேட்டுவிட்டது: “ஹேவ் யூ ஈட்டன், மேடம்?”

தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “நோ” என்றார். “வேலை சரியாக இருந்தது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. நீ சாப்பிட்டாயா?” என்று இங்கிலீஷில் கேட்டார். ஒருசந்தியைச் சொன்னேன். அதற்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியாமல் சுற்றி வளைத்து விளக்கினேன். அம்மா இறந்தது, நீங்கள் ஆக்கிப் போட்டது, எல்லாம் வந்தது. பேசுவது நான்தானா என்று எனக்கே உடம்பு சிலிர்த்தது, அண்ணா!

என்னை எடுத்துக்கொண்டார்; ஜூனில் பயிற்சி. நீங்கள் சம்மதிக்காவிட்டால் எனக்கு அதில் ருசியில்லை.

பிரிஜட்

குளுவாங்
28-3-1958

அன்புத் தங்கச்சி பிரிஜட்டுக்கு,

ஓலை வேண்டாமென்று சாமியாரிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டில் இரண்டு திட்டு வாங்கினேன், பரவாயில்லை.

இத்தனை வருடமாகத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் “யெஸ் சார்” தவிர வேறொன்றும் சொன்னதில்லை. நேற்று அவர் வெயிலில் களைத்து வந்தார். உன் கேள்வியைக் கேட்கலாமென்று வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. அந்த இங்கிலீஷ் கேள்வியை மட்டும் தனித் தாளில் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி அனுப்பு, சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன்.

சாப்பிட்டாயா?

உன் அண்ணன்