லிப்டா, படிக்கட்டா

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து ஆடிக் காற்று. கொடியில் போட்ட புடவை இரண்டு முறை பக்கத்து வீட்டு மாடிக்குப் போய் வந்தது.

செய்ய வேண்டியது: மூன்றாம் வகுப்பு நோட்டுகள் திருத்த. லீவு லெட்டர் ஹெச்.எம்.மிடம். இவருக்கு ஸ்வெட்டர்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் பிரின்சி வீடியோ கால். மிலானில் அப்போதுதான் மதியம். நர்ஸ் உடுப்போடு எதையோ மென்றுகொண்டே பேசினாள். அடுத்த மாதம் நாங்கள் போனதும் முதலில் பேராலயம்தானாம். கட்டி முடிக்கவே பல நூறு வருஷம் பிடித்ததாம். டிக்கெட் இப்போதே எடுத்தால்தான் காலை நேரம் கிடைக்கும். மூன்று விதம்:

1. உள்ளே மட்டும்
2. உள்ளே + மொட்டை மாடி, லிப்டில்
3. உள்ளே + மொட்டை மாடி, படிக்கட்டில் (இருநூறு படிக்கு மேல்!)

"அப்பாவுக்கு மூணாவதுதான், கேக்கவே வேணாம்" என்று சிரித்தாள். எலக்ட்ரீஷியன் ஆயிற்றே. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு நம் சர்ச் மணிக்கூண்டில் ஏறி ஸ்டார் கட்டுபவர். ஐம்பத்தேழு வயதிலும் ஏணியை வேறு ஆளிடம் விடமாட்டார்.

இவர் சொன்னது: "லிப்டே போடும்மா. உங்கம்மா முட்டி தாங்காது."

என் முட்டிக்கு என்ன? நன்றாகத்தானே இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். தெரு முழுக்க அம்மன் கோயில் ஸ்பீக்கர். பாடம் நடத்தத் தொண்டை போதவில்லை.

லீவு கிடைத்துவிட்டது. ஹெச்.எம்.: "டீச்சர், ஃபாரின் சாக்லெட் மறந்துடாதீங்க."

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி பார்க்க இவர் மாடிக்குப் போனார். நான் பின்னாலேயே துணி எடுக்க. பாதிப் படியில் சுவரில் கை ஊன்றி நிற்கிறார். என்னைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்தார். "ஆங், சொல்லுப்பா, வந்துக்கினே இருக்கேன்." போன் அடிக்கவே இல்லை.

கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பயம்.

இவருடைய அண்ணன் ஐம்பத்தாறு வயதில் போனார். நெஞ்சு வலி. ஒரே நாள்.

ஆகஸ்ட் 6, புதன்

தூக்கம் சரியில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

இன்ஷூரன்ஸுக்கு இவருடைய பாஸ்போர்ட் ஜெராக்ஸ் தேவைப்பட்டது. வண்டி டிக்கியில் இருக்கும் என்றார். இருந்தது. கூடவே ஒரு டாக்டர் சீட்டு, நாலாய் மடித்து. தேதி போன மாதம். நெஞ்சு வலி, உடனே ஈ.சி.ஜி. எடுக்கவும் என்று எழுதியிருக்கிறது. ரிப்போர்ட் எதுவும் கூட இல்லை, எடுக்கவே இல்லை.

சீட்டைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இவர் பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எத்தினி நாளா?"

"ஒண்ணரை மாசம் இருக்கும். மூச்சு இழுத்தா குத்துது. மேல ஏறினா ஜாஸ்தி."

"என்னாண்ட சொல்றதுக்கு இன்னாங்க?"

"சொன்னா பெரிய டாக்டராண்ட இட்டுக்கினு போவே. அவரு பிளேன் ஏறக்கூடாதும்பாரு. பாப்பாவப் பாத்து நாலு வருஷம் ஆவுது எஸ்தரு."

"அங்க போய் ஏதாச்சும் ஆனா?"

தட்டை ஓரமாகத் தள்ளினார். "ஆவறதுன்னா அவ பக்கத்துல ஆவட்டும்னு நெனச்சேன்."

எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினேன். துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினேன். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவளிடம் சொல்ல முடியாத விஷயமா? கோபம்தான். கோபமாக இருக்கும்வரை அழுகை வராது.

நாளைக்கு எனக்கு லீவு. இவரைக் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மேகமூட்டம். இரண்டு சொட்டு, அவ்வளவுதான்.

ஹார்ட் டாக்டர், ரயில்வே ரோடு. ஏழு மணிக்கே டோக்கன். பதினோராம் நம்பர். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா யாருக்கோ போனில்: "பயப்படாதடா, எனக்கு ஒண்ணும் ஆவாது, நீ பொடவைக்கு ஜரிகை வாங்கிக்கினு வா." இவர் அதைக் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஈ.சி.ஜி. எக்கோ. அப்புறம் ட்ரெட்மில். நெஞ்செல்லாம் ஒயர் ஒட்டி நடக்கவிட்டார்கள். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். பைபிளில் சங்கீதம் 121 பாதி வரை சொன்னேன், மீதி மறந்துபோனது. திரும்ப முதலிலிருந்து. திரும்பப் பாதி.

கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். காகிதத்தைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். எழுந்து வந்து ஒற்றை விரலால் இடது விலா எலும்பில் அழுத்தினாள்.

"ஐயோ!"

"இந்த வலிதானா?"

"இதேதான்மா!"

"சமீபத்துல கனமா ஏதாவது தூக்கினீங்களா?"

இவர் என்னைப் பார்க்கவில்லை. வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மோட்டாரைத் தனியாகத் தூக்கி வைத்தாராம். ஆள் வர லேட்டாம்.

"இருதயம் நல்லா இருக்கு சார். விலா எலும்புக்கிட்ட வீக்கம், தசையும் புடிச்சிருக்கு. மாத்திரை தர்றேன். ஒரு மாசம் கனம் தூக்காதீங்க. பி.பி. கொஞ்சம் கூட, உப்பு குறைங்க."

நான்தான் கேட்டேன்: "பிளேன்ல போலாமா? படி ஏறலாமா?"

"தாராளமா."

வெளியே வந்தோம். பக்கத்துக் கடையில் ரோஸ் மில்க். இவர் ஒன்று, நான் இரண்டு. அங்கேயே நின்று அழுதேன். கடைக்காரர் பேப்பர் நாப்கின் கொடுத்தார். இவர் என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அப்படியே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நல்ல மழை, மதியம். பிள்ளைகளை வராண்டாவில் உட்கார வைத்து வாய்ப்பாடு.

ரசத்தில் உப்பு குறைத்தேன். "இது இன்னா, வெந்நீரா?" கேட்கட்டும். கேட்க ஆள் இருக்கிறாரே.

ஆகஸ்ட் 9, சனி

இரண்டாம் சனி, பள்ளி இல்லை. துணி நன்றாகக் காய்ந்தது. ஸ்வெட்டர் இன்னும் வாங்கவில்லை.

பிரின்சிக்கு லீவு. எல்லாவற்றையும் சொன்னோம். முதலில் திட்டினாள். பிறகு போனை மேஜையில் கவிழ்த்துவிட்டாள், கூரைதான் தெரிந்தது. மூக்குறிஞ்சும் சத்தம். இவர் "பாப்பா, பாப்பா" என்று அந்தக் கூரையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து, "செரி, எந்த டிக்கெட்?" என்றாள்.

இவர் படிக்கட்டுதான் என்றார். நானும் லிப்ட், இவரும் லிப்ட் என்றேன் நான். பத்து நிமிஷம் சண்டை. ஒன்றரை மாதமாக வாயைத் திறக்காதவருக்கு இன்றைக்கு என்ன குரல்!

"நிறுத்துங்க ரெண்டு பேரும். அப்பா படிக்கட்டு, மெதுவா. அம்மா லிப்ட். நான் முன்னாடியே மேல போய் நிக்கிறேன். யாரு எந்தப் பக்கமா வந்தாலும் என்னாண்டதான வரணும்."

இவர் தலையாட்டினார். நானும்.

தோள் மறைக்கிற உடுப்பு கட்டாயமாம். புடவை போதும்.

சாயங்காலம் டிக்கெட் மெயில் வந்தது. மூன்று பேர், செப். 17, காலை. நான் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். இவருடைய பேர், தேவராஜ் என்பதில் கடைசி எழுத்து விடுபட்டிருக்கிறது. பிரின்சிக்குச் சொல்லித் திருத்த வேண்டும். பேரில்தான் ஒரு எழுத்து குறைவு. ஆள் முழுசாக இருக்கிறார்.