உதட்டில் இருக்கிற பாட்டு

மாமாவுக்கு,

அடுத்த அறையில் இருக்கிற உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்.

தொண்டை ஆபரேஷன் முடிந்து வந்த அன்றைக்கே, பஜனையில் நீங்கள் தட்டிப் பாடுகிற ஜால்ராவைப் பெருமாள் கோயிலுக்குக் கொடுத்தனுப்பிவிட்டீர்கள். கட்டிய பெண்டாட்டி, என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? நேற்று உதட்டைக்கூட அசைக்காமல் சிலேட்டில், "கொரல் போச்சு. இனி எதப் பாடி அந்தப் பெருமாள்கிட்டப் போய்ச் சேருவேன்?" என்று எழுதிக் காட்டினீர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்களிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். ஆறு வருஷமாக எனக்குக் காது கேட்காது. குமாரபாளையத்தில் நாம் பக்கத்துப் பக்கத்தில் விசைத்தறி ஓட்டிய இருபது வருஷத்தில் போய்விட்டது. தறிச் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள் நாம். அதனால்தான் நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. சொன்னால் பாடுவதை விட்டுவிடுவீர்களோ என்று பயம்.

பஜனை முடிந்ததும், "இன்னைக்கு எப்படிப் புள்ள இருந்துச்சு?" என்பீர்கள்.

"நல்லா இருந்துச்சுங்க" என்பேன்.

அது பொய் இல்லை மாமா. முன்னால் உட்கார்ந்து உங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். கண் தன்னால் நிறைந்துவிடும்.

ஜால்ராவை இன்று போய் வாங்கி வந்துவிட்டேன். நாளை சனிக்கிழமை, பஜனைக்குப் போகிறோம். ஜால்ராவை நான் தட்டுகிறேன், தாளம் தப்பினால் முறையுங்கள். நீங்கள் உதட்டை மட்டும் அசைத்தால் போதும். ஆறு வருஷமாக நான் கேட்டது அந்தப் பாட்டைத்தான். இந்தச் செவிடிக்கே கேட்டது பெருமாளுக்குக் கேட்காதா?

இப்படிக்கு,
உங்கள் பக்கத்துத் தறிக்காரி