ஒருமனதாக நிறைவேறிய பாடத்திட்டம்

கல்லூரி வாசலில் இன்று காலை புதிய ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். மண்ணெண்ணெயும் பசையும் கலந்தது போன்ற அதன் வாடை, கேட்டைத் தாண்டும்போதே மூக்கில் ஏறியது. நீ இருந்திருந்தால் அது எந்தக் கரைப்பான் என்று பெயர் சொல்லியிருப்பாய். நான் பொருளாதாரக்காரி, எனக்கு வாடை மட்டும்தான் தெரியும். நிமிர்ந்து பார்த்தேன். சஸ்டெய்னபிலிட்டி மேனேஜ்மென்ட், மூன்றாண்டுப் பட்டப்படிப்பு, அட்மிஷன் ஓபன். ஒரு மூலையில் முதல்வரின் சிரித்த முகம். நடுவில் உள்ளங்கையில் இலைக்கன்றை ஏந்தி நிற்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண். உன் பெயர் எங்கும் இல்லை. இருந்திருந்தால் அது இன்னும் பெரிய அசிங்கமாக இருந்திருக்கும்.

இந்தப் படிப்பு எப்படித் தொடங்கியது என்று நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது எனக்கு மட்டும்.

உன் அண்ணன் தாராவியில் ட்ரம் கழுவும் பட்டறையில் வேலை செய்தார். பெரிய கம்பெனிகள் விற்றுத் தள்ளும் காலி ட்ரம்கள். ஒரு நாள் இரண்டு கையிலும் தோல் உரிந்து வீட்டுக்கு வந்தார். நீ நேரே பட்டறைக்குப் போய், அவர் கழுவிய ட்ரம்மைப் புரட்டிப் பார்த்திருக்கிறாய். லேபிள் கிழியாமல் இருந்தது. என்ன அமிலம், எப்படித் தொட வேண்டும், எல்லாமே ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. மறுநாள் ஸ்டாஃப் ரூமில் டிபன் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாய்.

"இருபது வருசமா கெமிஸ்ட்ரி நடத்துதேன். நான் அந்த லேபிளப் படிச்சு என்னட்டி புண்ணியம்? கழுவுதவம்லா படிக்கணும்."

பட்டறைப் பாதுகாப்புக்கென்று ஒரு பட்டப்படிப்பு எழுத வேண்டும் என்று அன்று மாலையே தொடங்கிவிட்டாய். கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்த புதிது. துறை எழுதித் தர வேண்டும், வெளி நிபுணர்கள் இருவர் இருக்கும் கல்விக் குழு ஆராய்ந்து ஏற்க வேண்டும், பிறகு நிர்வாகத்தின் ஒப்புதல். இவ்வளவுதான் வழி. தொழிலாளர் சட்டமும் கூலியும் பற்றிய தாள்களை எழுத என்னைச் சேர்த்துக்கொண்டாய். கல்விக் குழுவில் நான் உறுப்பினர், கூட்டக் குறிப்பு எழுதுவதும் நான்தான் என்பதால் உனக்கு ஒரு தைரியம். அந்தத் தைரியத்தை நினைத்தால்தான் இன்றைக்கு என் மேலேயே எனக்கு அருவருப்பு.

புதுப் படிப்புக்குத் 'தேவை ஆய்வு' இணைக்க வேண்டும். மற்ற துறைக்காரர்கள் மாணவர்களை வைத்து ஒரே மதியத்தில் படிவங்களை நிரப்பிவிடுவார்கள். நீ சனிக்கிழமைதோறும் என்னை இழுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினாய். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த நான், ஒரே ஸ்டேஷன் தள்ளி இருக்கும் அந்தச் சந்துகளுக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. தோல் பட்டறை வைத்திருந்த ஒரு பாய், உன் ஊர்ப்பக்கத்துக்காரர், ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"டீச்சரம்மா, உங்க பிள்ளைங்க படிச்சு முடிச்சிட்டு என் பட்டறைய இழுத்து மூடவா வருவாங்க?"

"மூட இல்ல பாய். உள்ள நிக்கவன் இருமாம இருக்க."

அவரும் எதிரே உட்கார்ந்தார். பிறகு சொன்னார். "நான் சொன்னா எவனும் கேக்க மாட்டேங்கான். படிச்சவன் ஒருத்தன் வந்து சொன்னா கேப்பான். அனுப்புங்க. சம்பளம் நான் போட்டுத் தாரேன்."

அதை அப்படியே ஆய்வறிக்கையில் எழுதினாய்.

முதல் கூட்டம் உனக்கு மறந்திருக்காது. வெளி நிபுணர் ஒருவருக்கு அனுப்பிய கவர் பிரிக்கப்படாமலே மேசைக்கு வந்தது. அதை விசிறியாக்கி வீசிக்கொண்டே, "ஸ்கோப் என்ன?" என்று கேட்டார். இன்னொருவர் ஒரு கம்பெனியின் பிரதிநிதி. மாணவர்கள் வாரம் ஒரு நாள் பட்டறையில் வேலை பார்க்க வேண்டும் என்று நீ எழுதியதைத் தொட்டுக் காட்டி, "தாராவி என்ற பேர் பிராஸ்பெக்டஸில் வந்தால் நல்ல வீட்டுப் பிள்ளைகள் சேர மாட்டார்கள்" என்றார். அந்தச் சந்துகளில் வளர்ந்தவளான நீதான் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. குனிந்து குறிப்பு எழுதினேன்: 'உறுப்பினர்கள் பயனுள்ள ஆலோசனைகள் வழங்கினர்.'

மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். ஒரு முறை கிரெடிட் கணக்கு சரியில்லை. ஒரு முறை பெயர் சரியில்லை. மூன்றாம் முறை காரணமே சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் நீ உட்கார்ந்து திருத்தினாய், ஆனால் பட்டறை நாளை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "அத எடுத்துட்டா இது வெறும் காயிதம்ட்டி," என்றாய்.

நான்காம் முறைக்குள் நீ படுத்துவிட்டாய். கணையத்தில் புற்றுநோய், கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. நீ குடிமாறியிருந்த திலக் நகர் வீட்டில், மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவே ஃபைலை வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தாய். முதல்வர் வேறு ஆளை வைத்து 'மாடர்னாக' மாற்றச் சொல்லியிருக்கிறார் என்று நான்தான் வந்து சொன்னேன். நீ கோபப்படவில்லை.

"அவங்க என்னத்தயும் பண்ணிட்டுப் போட்டும். நீ மட்டும் அதுல கையெழுத்துப் போட்டுறாத, என்ன?"

"நான் போடுவேனாடி?" என்றேன்.

நீ போன இரண்டாவது மாதம் கூட்டம் நடந்தது. முதலில் உனக்கு ஒரு நிமிட மௌனம். பாதியிலேயே ஒருவருடைய போன் அடித்தது. அவர் பேசிக்கொண்டே வெளியே போனார். "மேடத்தின் கனவை நாம் நிறைவேற்றுகிறோம்," என்று முதல்வர் தழுதழுத்தார். பின்னாலேயே சமோசாத் தட்டு வந்தது.

புதிய பாடத்திட்டத்தை முந்தின நாள் மாலை நான் படித்திருந்தேன். மேசையைச் சுற்றி இருந்தவர்களில் படித்தது நான் ஒருத்திதான் என்று அடித்துச் சொல்வேன். பட்டறை இல்லை, ட்ரம் இல்லை, உன் அண்ணனின் கை இல்லை. ஏதோ குளிர்நாட்டுக் கல்லூரியிலிருந்து அள்ளிப் போட்டிருந்தார்கள். நான்காம் பருவத்தில் களப்பணி: 'உறைந்த ஏரியில் பனியைத் துளைத்து நீர் மாதிரி எடுத்தல்.' பனியே விழாத நம் செம்பூரில்! நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். பிறகு தாளை அவர்கள் முன்னால் விட்டெறிந்திருப்பாய்.

நான் இரண்டும் செய்யவில்லை. அந்த மாதம் துறைத் தலைவர் பதவி எனக்கு வருவதாகப் பேச்சு. வாயைத் திறந்தால் அது போகும் என்று தெரியும். கையெழுத்துத் தாள் சுற்றி வந்தபோது, விரல்களில் ஒட்டியிருந்த சமோசா எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டுப் போட்டேன். 'உறுப்பினர்கள் விரிவாக விவாதித்து ஒருமனதாக ஏற்றனர்.' இந்த வாக்கியத்தை எழுதியதும் இந்தக் கைதான்.

பதவி வந்தது. உன் அண்ணன் ஒரு நாள் போன் செய்து, "தங்கச்சி எழுதின படிப்பு ஆரம்பிச்சிட்டாவளாமே, சந்தோசம்மா," என்றார். நான் "ஆமாண்ணே" என்றேன். அடுத்த நாள் முதல்வரின் அறைக்குப் போய், அந்தக் குறிப்பிலிருந்து என் கையெழுத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஜுரம் கண்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "உறுதி செய்த மினிட்ஸில் ஒன்றும் பண்ண முடியாது மேடம்," என்று இந்தியில் சொல்லிவிட்டு எனக்கு டீ வரவழைத்தார். அதைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

போன வாரம் இன்னொரு புதுப் படிப்பு கல்விக் குழுவுக்கு வந்தது. தடித்த கட்டு. அன்று காலைதான் கையில் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் கையெழுத்துத் தாளும் வந்துவிட்டது. என் பெயருக்கு நேரே, 'நான் இதைப் படிக்கவில்லை, அதனால் ஏற்கவில்லை' என்று எழுதித் தள்ளிவிட்டேன். அடுத்த நாற்காலிக்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். தாள் அங்கேயே நின்றது.

கூட்டம் முடிந்ததும் முதல்வர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். முகம் சிவந்திருந்தது. "என்ன மேடம் இது? யார்தான் படித்தார்கள்?" என்றார். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கே உறைத்தது போல. சட்டென்று திரும்பிப் போய்விட்டார். துறைத் தலைவர் நாற்காலி அடுத்த ஆண்டு எனக்கு இருக்காது.

இதைச் செய்து உன்னிடம் மன்னிப்பு வாங்கிவிட்டதாக நான் நினைக்கவில்லை. வாசலில் அந்தப் படிப்புக்கு ஆள் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் மேல் இருக்கும் அருவருப்பு நாளாக ஆகக் குறைந்துகொண்டு வருகிறது, பழகிவிடும் போலிருக்கிறது. என் மேல் இருப்பது மட்டும் குறையவில்லை. குறைய வேண்டாம் என்றுதான் நானும் இருக்கிறேன். நாளைக்கு அடுத்த தாள் வரும்போது, நீ இல்லாத அந்த மேசையில் என்னை உலுக்க அதை விட்டால் வேறு எதுவும் இல்லை.