என் பெயரில் நிற்கும் சிவப்பு மஸ்ராங்

மல்வேர்ன், ஸ்காபரோ
11.08.1996

அன்புள்ள மகன் குகனுக்கு,

அப்பா, தங்கச்சி நிலாணி, நான், வாசலில் நிற்கும் உன் சிவப்பு மஸ்ராங், நாங்கள் நாலு பேரும் கடவுள் புண்ணியத்தில் சுகம். கல்கரியில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, வடிவாக நித்திரை கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். காரையும் சேர்த்து எழுதியதைக் கண்டு நீ திடுக்கிட்டிருப்பாய். ஓம், நீ விற்கச் சொன்ன கார் இன்னும் இங்கேதான் நிற்கிறது. போனில் சொன்னால் பாதியில் மறித்து, அம்மா நீங்கள் விளங்காமல் கதைக்கிறியள் என்று தொடங்குவாய், நிமிஷத்துக்கு நிமிஷம் காசும் போகும். கடிதத்தை உன்னால் மறிக்க முடியாது. ஆறுதலாக இருந்து முழுவதையும் வாசி.

நீ அந்தக் காரைக் கொண்டு வந்த நாள் எனக்கு மறக்காது. டோனற் கடையிலும் பெற்றோல் ஸ்ரேசனிலும் மாறி மாறி நின்று சேர்த்த காசு. சனம் என்ன சொன்னது தெரியுமா, தியாகலிங்கத்தின் பெடியன் கெட்டான், இனிப் பொலிஸ்தான் வீட்டுக்கு வரும் என்று. அப்பாவுக்கு அதைவிட, நீ ரொயோட்டா வாங்கவில்லையே என்பதுதான் பெரிய துக்கம். எங்கள் ஆட்கள் கொறொல்லாவை விட்டால் கம்றி, கம்றியை விட்டால் கொறொல்லா, வேறு கார் இருப்பதாகவே அவர்களுக்குத் தெரியாது. அதுக்கு மேலே இன்சூரன்ஸ் வந்தது. இருபத்திரண்டு வயதுப் பெடியன், எட்டுச் சிலிண்டர் கார் என்றதும், வருஷத்துக்கு அவர்கள் கேட்ட தொகை காரின் விலைக்கே கிட்ட வந்துவிட்டது. அப்போதுதான் இன்சூரன்ஸ் எழுதுகிற அகஸ்ரின் ஒரு வழி சொன்னார், காரை அன்ரியின்ரை பேரிலை எழுதுவம், ஓடுறதும் அன்ரிதான் எண்டு போடுவம், பாதிக்குப் பாதி குறையும் என்று. அப்பாவும் நீயும் சேர்ந்து தலையை ஆட்டினீர்கள். நான் கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து, காட்டின இடத்தில் கையெழுத்து வைத்தேன். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ கல்கரிக்கு வேலைக்குப் போன பிறகு வின்ரர் முழுக்க அதைப் போர்வை போட்டு மூடி வைத்திருந்தோம். சித்திரையில் அகஸ்ரின் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கப் போன் எடுத்தார். கம்பனியிலையிருந்து ஆரும் கேட்டால் நான்தான் ஓடுறன் எண்டு சொல்லுங்கோ அன்ரி என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் என் பெயரில் ஒரு பொய் ஓடித் திரிந்திருக்கிறது, நான் சும்மா சமைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். தம்பி, நான் பொய் சொல்லமாட்டன், கொஞ்சம் பொறுங்கோ, ஓடப் பழகிப்போட்டுச் சொல்லுறன் என்றேன். அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. கிளச் இல்லாத கொறொல்லா ஓடி எடுத்த லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது, ஆனால் உன் காரில் கிளச் அல்லவா. ஞாயிறு காலையில் பிளாசாக் கடைகள் திறக்க முன்னம் அப்பாவை இழுத்துக்கொண்டு அந்தப் பார்க்கிங்குக்குப் போவேன். அப்பாவின் வாயை நீ அறிவாய். கிளச்சை விடு, விடாதை, மெல்ல விடு, ஐயோ முருகா என்பார். கார் வெட்டுக்கிளி மாதிரித் துள்ளும். ஒருநாள் எனக்கும் கோபம் வந்துவிட்டது, உங்கடை முருகன் ரொயோட்டாவிலைதான் ஏறுவார், இதுக்குள்ளை கூப்பிடாதேங்கோ என்று சொல்லிவிட்டேன். அதுக்குப் பிறகு அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தார், நானும் பழகிவிட்டேன். இப்போது பக்ரறிக்கு அதில்தான் போகிறேன் மகன். என்னோடு பெட்டி அடுக்குகிற அன்ரனெற்றையும் போகிற வழியில் ஏற்றுகிறேன். இனித் தனக்கு பஸ் ஏற மனம் வராது என்கிறாள். அகஸ்ரினுக்கும் போன் எடுத்து, இனி ஆர் கேட்டாலும் என்னட்டை விடுங்கோ என்று சொல்லிவிட்டேன்.

மோர்னிங்சைட் கோப்பிக்கடைப் பார்க்கிங்கில் ஞாயிறு பின்னேரம் கார்ப் பைத்தியங்கள் கூடுவார்கள் என்று நீ சொல்வாயே, பால் வாங்கிக்கொண்டு வரும்போது ஒருநாள் நானும் நிலாணியும் உள்ளே திருப்பினோம். போர்ட்காரர் ஒரு பக்கம், செவர்லேக்காரர் மறுபக்கம், நடுவில் வெறும் நிலம், சம்பந்திமார் கோபித்துக்கொண்ட கல்யாண மண்டபம் மாதிரி. மஸ்ராங் போர்ட் கம்பனிக் கார் என்று அறியாமல் நான் அதைக் கொண்டுபோய்ச் செவர்லேக்காரரின் நடுவில் நிறுத்திவிட்டேன். அவர்கள் பார்த்த பார்வை! வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர், பெயர் அலெக்ஸாண்டர், ஓடி வந்து கை காட்டிக் காட்டி எங்களைப் போர்ட் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு என்னைத் தெரியாது, காரைத் தெரியும். இது குகனின் கார் அல்லவா, அவன் எங்கே என்று கேட்டார். நான் அவனின் அம்மா என்றதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவர் சொன்னதை நிலாணி எனக்குத் தமிழில் சொன்னாள். போன வருஷம் அவருடைய கார் ஸ்னோவில் நின்றபோது நீ முதுகு நனையக் கீழே படுத்து அதைச் சரிப்பண்ணினாயாம். காசு நீட்டினதுக்கு, போர்ட்காரனிடம் போர்ட்காரன் காசு வாங்குவதில்லை என்றாயாம். றோட்டில் ஓட்டப்போட்டிக்கு எத்தனை பேர் சீண்டியும் நீ ஒருநாளும் போகவில்லையாம். இதையெல்லாம் நீ ஏன் வீட்டில் சொல்லவில்லை? கெட்டுப்போவான் என்று ஊர் சொன்ன பிள்ளையைப் பற்றி, முன்பின் தெரியாத மனிதர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக் கேட்டு, அந்த இடத்திலேயே நின்று அழுதேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

அங்கே கூடின கார்ப் பைத்தியங்கள் கதைத்ததெல்லாம் செலவு, செலவு, செலவுதான். ரயர் விலை, விலை கூடின பெற்றோல், கிளச் தேய்ந்தால் எவ்வளவு, இன்சூரன்ஸ் எவ்வளவு. மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பன் கல்யாணச் செலவைச் சொல்லி அழுகிற மாதிரி, அழுகைக்குள்ளே முழுக்கப் பெருமை. ஒருவராவது விற்கப்போகிறேன் என்று சொல்லவில்லை. நானும் பின்சில்லு இரண்டுக்கும் ரயர் மாற்றின செலவைச் சொன்னேன். எல்லோரும் பாவப்பட்டுத் தலையை ஆட்டினார்கள். மச்சாள் மயூரியின் கல்யாணத்துக்கு, கூட்டாளி நீக்கிலாஸின் கமாரோ செவர்லேக் கார், அதில் ஏறமாட்டேன் என்று சூட்டும் கோட்டுமாக பஸ்ஸில் வந்து இறங்கின உன்னை அன்றைக்கு நான் ஏசினேன். இப்போது உன் கார் விசர் எனக்கும் கொஞ்சம் பிடித்திருக்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் நீ போன் எடுத்து, கார் உங்களுக்கு வீண் செலவு, நீக்கிலாஸிடம் சொல்லிவிட்டேன், அவன் வந்து வாங்குவான், காசை வீடு வாங்கச் சேர்க்கிற முற்பணத்தோடு சேருங்கோ என்றாய். எனக்குப் பசிக்கேல்லை, நீங்கள் சாப்பிடுங்கோ என்று சொல்கிற குரல் அது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் கன காலம் நான்தான் அந்தக் குரலில் உங்களோடு கதைத்தேன். உன் கூட்டாளி நேற்று ரெக்ஸ்டேலில் இருந்து தன் கமாரோவில் வந்தான். செவர்லேக்காரனுக்கு ஏனடா மஸ்ராங் என்று கேட்டேன். பாவம், பொய் தெரியாத பிள்ளை. ஓட இல்லை அன்ரி, பிரிச்சு விக்கப்போறன், எஞ்சின் வேறை, கியர்ப்பெட்டி வேறை, கதவு வேறை, அப்பிடித்தான் கூடக் காசு வரும் என்றான். காசை மேசையில் வைத்து, கையெழுத்துக்குப் பேனையையும் நீட்டினான். நான் பேனையை மூடி அவன் சட்டைப் பையிலேயே செருகினேன். கார் என்ரை பேரிலை இருக்குது தம்பி, நான் விக்கேல்லை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ என்றேன். அப்பா வாயைத் திறந்தார். இனிச் சத்தம்தான் என்று நினைத்தேன். அவர் நீக்கிலாஸைப் பார்த்து, என்னட்டைக் கேட்டுப் பிரயோசனமில்லைத் தம்பி, ஓடுறது இவ, நான் பக்கத்திலை இருக்கிறவன் என்றார். இன்றைக்குக் காலையில் எழும்பிப் பார்க்கிறேன், தன் கொறொல்லாவுக்கு ஒருநாளும் பூசாத மெழுகை எடுத்து மஸ்ராங்குக்குப் பூசிக்கொண்டு நிற்கிறார்.

நீக்கிலாஸோடு கோபிக்காதே, என்னோடும் கோபிக்காதே. வீடு வாங்குவது எங்கள் வேலை, ஒரு வருஷம் பிந்தினாலும் வாங்குவோம். இன்சூரன்ஸ் என் சம்பளத்தில் போகிறது, நீ ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள். இந்த நாட்டுக்கு வரும் வழியில் நாங்கள் விட்டுவிட்டு வந்தது கொஞ்சமில்லை. அதில் ஒன்றையாவது விடவா என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை. இதை விற்க மட்டும்தான் என்னிடம் வந்து கேட்டார்கள். நான் மாட்டேன் என்று சொன்னேன். அப்படிச் சொல்ல எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா மகன்!

குளிர் தொடங்க முன்னம் நல்ல சப்பாத்து ஒன்று வாங்கு. வெறும் கோப்பியோடு வேலைக்குப் போகாதே. காருக்கு என்ன ஒயில் ஊற்றுவாய் என்று மறக்காமல் எழுது, அப்பா ரொயோட்டாவின் ஒயிலைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறார். நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். லீவு கிடைத்ததும் வா. எயாப்போட்டுக்கு அப்பா வரமாட்டார், நான்தான் வருவேன். நீ பக்கத்து சீற்றில் இரு.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்
அம்மா
தி. ஜெயமலர்