முதல் அறையின் பூஜ்ஜியம்

நிலவுத் தளம். எழுதுவது: பூங்கோதை

23:40
இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். பிள்ளை துளிர் இப்போதுதான் தூங்கினாள். கமாண்டர் லூர்துராஜ் மாலை விண்கலத்தில் பூமிக்குக் கிளம்பிவிட்டார். தன் அறையான அறை ஒன்றைக் கைரேகை வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். மாற்று ஆட்கள் வரும்வரை நானும் துளிரும் மட்டும், அறை ஐந்தில். மற்றபடி எல்லாம் சரி.

00:50
சரியில்லை. அறையில் கரியமில வாயு ஏறுகிறது. துளிருக்கு மூச்சு வாங்குகிறது. பூமிக்குச் சொன்னேன். கட்டுப்பாட்டு மையத்து ஷாநவாஸ் சாரின் பதில்:
"மேடம், அஞ்சுல ஆள் இருக்குன்னு எங்க திரையில பளிச்சுனு தெரியுது. காத்து போயிட்டுத்தான் இருக்கு. பிள்ளை பெத்த புதுசுல எங்க வீட்லயும் இப்படித்தான், தொட்டதுக்கெல்லாம் பயம். தூங்குங்க."

01:25
தூங்கவில்லை சார். உங்கள் நிரலைப் படித்தேன். எட்டு அறை, எட்டு இலக்கம். மூச்சு தெரிந்தால் 1, காலி என்றால் 0. கமாண்டர் இருந்தவரை 10001000. இப்போது 00001000 வரவேண்டும். ஆனால் நீங்கள் அதை முழு எண்ணாக வைத்திருக்கிறீர்கள்: 8. ஜாவாஸ்கிரிப்டில் அதை மறுபடி 1, 0 வரிசையாக்க toString(2) போட்டால் முன்னால் நிற்கும் பூஜ்ஜியங்கள் வராது. வெறும் 1000. காற்றுக்குழாய் இடப்பக்கமிருந்து படிக்கிறது. முதல் அறையில் ஆள், மற்றதெல்லாம் காலி!

அறை ஒன்றின் கதவிடுக்கில் டயப்பர் துண்டைப் பிடித்துப் பார்த்தேன். படபடத்தது. என் அறையில் அசையவே இல்லை.

01:50
"ஆறு வருஷமா ஓடற புரோகிராம் மேடம். நேத்து வந்துட்டு அதுல குத்தம் சொல்றீங்களே. ஷிஃப்ட் மாறுது, காலையில பாப்போம்."

ஆறு வருடமும் முதல் அறையில் ஒரு கமாண்டர் இருந்தார். முதல் இலக்கம் 1. அதனால்தான் ஓடியது. காலையில் யாரைப் பார்ப்பீர்கள்?

02:20
துளிரைத் தூக்கிப்போய் அந்தக் கதவிடுக்கில் மூக்கு படும்படி படுக்கவைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். காற்று நின்றுவிட்டது.

புரிந்தது. நாங்கள் இருவரும் வெளியே வந்ததும் அறை ஐந்தும் காலி. எண் 0.

அவளை அங்கேயே விட்டுத் திரும்பி வந்து ஐந்தில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே காற்று ஓடுகிறது. இங்கே நான் மூச்சு விடும்வரை அங்கே அவளுக்கு.

02:45
.padStart(8, "0")
எட்டு இலக்கம் வரும்வரை முன்னால் பூஜ்ஜியம் சேர்க்கும். இவ்வளவுதான். நிரல் என்னைத் திருத்த விடமாட்டேன் என்கிறது. அங்கிருந்து நீங்கள்தான் போடவேண்டும். இல்லை, அறை ஒன்றின் பூட்டையாவது எடுங்கள்.

அழுகிறாள். அழட்டும். கேட்கிறதே.

எழுத்து இரண்டிரண்டாகத் தெரி

யார் இதைப் படித்தாலும் தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.