படியாத கைரேகையும் திங்கட்கிழமை தொடங்க வேண்டிய பணியும்

அனுப்புநர்:
ஆர்லன் தோர்சன் (வயது 69),
பதிவுபெற்ற செவிலியர்,
ஹால்வர் ஃபால்ஸ், மின்னசோட்டா.

பெறுநர்:
உரிமப் பதிவாளர் அவர்கள்,
மாநிலச் செவிலியர் வாரியம்.

பொருள்: கைரேகை தெளிவில்லை என நிறுத்தப்பட்ட உரிமத்தைத் திங்கட்கிழமைக்குள் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

குழப்பத்தில் எழுதுவதால் வரிசை தவறிவிடலாம். ஆகவே சொல்லப்போவதை முதலிலேயே தருகிறேன்:

1. நான் யார், உரிமம் எதற்கு
2. உங்கள் அலுவலகம் தந்த இரு பதில்கள்
3. இவ்வூர் ஷெரிஃப் அலுவலகக் கைரேகைக் கருவியின் பழுது
4. வேண்டுகோள்

1. நான் பயணச் செவிலியன். ஆள் போதாத மருத்துவமனைகளில் பதின்மூன்று வாரம் வேலை பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவேன். பல மாநிலங்கள் தங்களுக்குள் ஒரே உரிமத்தை ஏற்கின்றன. என் மாநிலம் அந்த உடன்பாட்டில் இல்லை. ஆகவே போகுமிடமெல்லாம் தனி உரிமம், குற்றப் பின்னணி உண்டா என்று பார்க்கத் தனிக் கைரேகை. இதுவரை ஐந்து மாநிலங்களில் பெற்றிருக்கிறேன். அவற்றுள் ஒன்று காலாவதியாகியிருக்கலாம்; அதைச் சேர்த்துச் சொல்வது முறையா என்று தெரியவில்லை.

உங்கள் மாநிலத்தின் கோல்டர் கிரீக் மருத்துவமனையில், டயாலிசிஸ் பிரிவில் இருப்பவர்கள் இரண்டே செவிலியர்கள். ஒருவர் பிரசவ விடுப்பில் போகிறார். அவருக்குப் பதிலாக நான் திங்களன்று சேர வேண்டும். மற்றவரான மார்வா ட்ரூடோ நேற்றுத் தொலைபேசியில் கூறியது: "ஆர்லன், நீங்க வரலைன்னா கதவைச் சாத்த வேண்டியதுதான். எல்லாரையும் நூறு மைல் தள்ளி அனுப்பணும். பீச்சம் தாத்தா மாசிமாசம் பனியில அவ்வளவு தூரம் தாங்கமாட்டாரு. இப்பவே, 'அவன் வரானா, இல்ல என் சவப்பெட்டிக்கு அளவு எடுக்கவா'ன்னு கேக்குறாரு." திரு. பீச்சம் எண்பத்து நான்கு வயது நோயாளி.

2. தங்கள் அலுவலகத்தைக் கேட்டபோது ஒருவர், "ரேகை சரியா வந்தாத்தான் சார் ஃபைலைத் திறப்போம்" என்றார். ரேகை படியாதவர்களைப் பெயரைக் கொண்டு சரிபார்க்கலாமே என்று மறுநாள் கேட்டேன். வேறொருவர், "அதுக்கு ஃபைல் திறந்திருக்கணுமே" என்றார். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பலமுறை படித்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று புரியவில்லை. புரியாதது என் வயதினாலும் இருக்கலாம். முதலில் பேசியவர் யார் என்று இரண்டாமவர் கேட்டார். பெயரைக் கேட்டு வைக்காதது என் பிழை.

3. இவ்வூரின் காவலைக் கவனிக்கும் ஷெரிஃப் அலுவலகத்தில் இருமுறை கைரேகை கொடுத்தேன். இரண்டும் தெளிவில்லை என்று திரும்பின. அங்குள்ள எழுத்தர் ஜோலீன், "பெரியவரே, நீங்க பேங்கைக் கொள்ளையடிச்சாலும் யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. வீணா நர்ஸா இருக்கீங்க" என்றார். நாள் முழுதும் கை கழுவும் தொழிலில் ரேகை தேய்வது உண்டு. ஆனால் இதே விரல்களை ஐந்து மாநிலங்கள் ஏற்றிருக்கின்றன. எனவே பழுது கருவியில்தான் இருக்க வேண்டும். அதைச் சரிசெய்யும்படி அவர்களுக்குத் தாங்கள் எழுத வேண்டும்.

4. ரேகை இருமுறை திரும்பினால் பெயரைக் கொண்டு சரிபார்க்க விதி உண்டு என்று படித்தேன். சரியாகப் புரிந்துகொண்டேன் என்றால், அதன்படி செய்து, முடியும்வரை தற்காலிக உரிமமாவது வழங்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

மேலே உள்ளதை எழுதி முடித்த பிறகு, இன்று காலை மூன்றாம் முறையாக ரேகை கொடுக்கப் போனேன். ஜோலீன் என் கையைப் பிடிக்க வந்தார். நான் அவர் மேசையிலிருந்த சானிடைசரை எடுத்துத் தேய்த்துக்கொண்டேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்தார்: "இதைத்தானே ரெண்டு தடவையும் பண்ணுனீங்க? வேணாம்னு சொல்லச் சொல்லக் கேக்கலை. தோல் காஞ்சு கிடந்தா கோடு எப்படி விழும்? உக்காருங்க. எதையும் தொடாதீங்க."

முன்பு அப்படிச் செய்தது எனக்கு நினைவில்லை. அவர் ஈரத்துணியால் துடைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்திருந்துவிட்டுக் கருவியில் வைத்தார். மோதிர விரல் தவிர எல்லாம் விழுந்தன. அவை தங்களிடம் வந்து முடிவு தெரிய இரண்டு வாரம் ஆகுமாம். ஆகவே நான்காம் பத்தி அப்படியே நிற்கிறது.

மூன்றாம் பத்தி தவறு. கருவியில் பழுதில்லை, ஷெரிஃப் அலுவலகத்துக்கு ஏதும் எழுத வேண்டாம். ஒருவர் கையைத் தொடுமுன் என் கையைத் தேய்த்துக்கொள்வதை மட்டும் இனி விட்டுவிடுவேன் என்று என்னால் உறுதி கூற இயலவில்லை.

இடம்: ஹால்வர் ஃபால்ஸ்
நாள்: 12 பிப்ரவரி 2025

இங்ஙனம், தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ஆர்லன் தோர்சன்
(கையொப்பம்)