சனிக்கிழமை அடக்கங்கள்

மிசிசிப்பி
மார்ச், ஞாயிறு மாலை

அன்பும் மரியாதையும் உள்ள லெமுவேல் அண்ணனுக்கு, தங்கை வெர்னிஸ் எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சிக்காகோவில் கர்த்தருடைய கிருபையால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நடமாடுகிறேன், கடை ஓடுகிறது. மற்றதையும் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

தம்பி பெர்சியின் மகள் ஷனீஸ் ஜனவரியில் உங்களிடம் ஒன்று கேட்டாளே, அதிலிருந்து போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அண்ணிதான் எடுத்து, "அவரு வேலையா வெளிய போயிருக்காரு வெர்னிஸ்" என்கிறார். ஓய்வு பெற்ற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. வாங்க மனமில்லாத ஆள் முதலில் கண்ணைத்தான் வேறு பக்கம் திருப்புவான்; இத்தனை காலம் கடை நடத்தியவளுக்கு அது தெரியாதா? ஆனால் கையில் கிடைத்த கடிதத்தைக் கடைசி வரி வரை படிக்காமல் நீங்கள் கீழே வைக்க மாட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பருத்தி ஆலை வாசலில், சோள மாவுக்குள் இறைச்சி வைத்து அவித்த டமாலியை வாளியில் வைத்து விற்ற உங்கள் தங்கைக்கு இப்போது நெடுஞ்சாலை ஓரத்தில் இரண்டு அடுப்பும், இறைச்சிக்குக் கண்ணாடிப் பெட்டியும், உட்கார்ந்து சாப்பிட மேசைகளும் இருக்கின்றன. எதில் நல்ல ஓட்டம் என்று கேட்டால் சொல்லத்தான் வாய் கூசுகிறது. சாவுச் சாப்பாடு. அடக்கம் முடிந்து சபை மண்டபத்தில் பரிமாறும் பொரித்த கோழி, கெளுத்தி மீன், கீரை, சர்க்கரைவள்ளி எல்லாம் என் அடுப்பில்தான் ஆகின்றன. வாரம் தவறாமல் ஆர்டர் வருகிறது. முன்பெல்லாம் நல்ல வயதாகிப் போனவர்களுக்குச் சமைத்தேன். இப்போது என்னோடு பள்ளியில் படித்தவர்களுக்குச் சமைக்கிறேன். சில வாரம் அவர்கள் பிள்ளைகளுக்கும்.

சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து என் கடைக் கதவில் ஒரு படம் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நம் மாநிலத்தில் ஆட்கள் எதனால் சாகிறார்கள் என்று உயரமும் குட்டையுமாகக் கட்டங்கள் போட்டிருக்கிறது. எல்லாவற்றையும்விட உயரம் இருதயம். பக்கத்தில் புற்றுநோய். பிறகு பக்கவாதம், சர்க்கரை, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாக நிற்கின்றன. மீன் பொரிகிற வரைக்கும் ஆட்கள் அதைப் பந்தய முடிவு பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். தபால் ஆபீஸ் ஆர்வில் போன வாரம், "எங்க வீட்ல முதல் ரெண்டும் முடிஞ்சுது. அடுத்தது எதுன்னு பாத்துச் சொல்லு வெர்னிஸ், அதுக்கும் இப்பவே ஒரு பிளேட் சொல்லி வச்சிடறேன்" என்றான். பெர்சியின் மனைவி லொரீன், "இருதயத்துல நாடு முழுக்க நம்மாளுங்கதான் முன்வரிசையாம். ஒண்ணுலயாவது முன்னாடி நிக்கறோமே" என்றாள். கடையே சிரித்தது. ஆர்விலின் அண்ணனைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை.

சரி, விஷயம் பெர்சி.

நம் தம்பி செவ்வாய், வியாழன், சனி என்று பக்கத்து ஊருக்குப் போய் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்து வருவது உங்களுக்குத் தெரியும். அடக்கத்தில் பாட்டெடுத்துக் கொடுப்பவன் அவன்தான் என்பதும் தெரியும். அவன் ஒரு வரியைச் சொல்லி விட, சபை அதைப் பிடித்து நீட்டி இழுக்கும். அந்தத் தொண்டை அப்பாவுடையது. அப்பாவின் சர்க்கரையும் பிரஷரும் கூடவே வந்தன. பெர்சி பாட்டெடுக்காமல் ஒருவரைப் புதைத்தால் பாதி வழியில் இறக்கிவிட்டு வந்த மாதிரி ஊர் நினைக்கிறது.

நம் ஊரில் அடக்கம் என்றைக்கு? சனிக்கிழமை. ஏன்? உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அண்ணா. சிக்காகோக்காரர்களும் டெட்ராய்ட்காரர்களும் வெள்ளிக்கிழமை வேலையை முடித்துவிட்டுக் காரை எடுத்து, சனிக்கிழமை வந்து அழுது, ஞாயிறு திரும்ப வேண்டும். ஆக, ஒவ்வொரு சாவும் பெர்சியை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பிக்கொண்டு போகிறது. சாவும் ஓய்வதாக இல்லை.

பேரம் பேசிப் பார்க்காமல் இருப்பேனா? டயாலிசிஸ் நிலையத்துக்கு நானே போய் வேறு நாள் கேட்டேன். அங்கிருந்த நர்ஸ் என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். எல்லா நாற்காலியிலும் ஆள். "ஒருத்தர் எழுந்தாத்தாம்மா இன்னொருத்தர் உக்கார முடியும்" என்றாள். எழுவது என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பாஸ்டரிடம் போய் அடக்கத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றச் சொன்னேன். "வெள்ளிக்கிழமை வச்சா பெட்டியச் சுத்தி நாங்க நாலு கிழடுங்கதான் நிப்போம் சிஸ்டர். பிள்ளைங்க முகம் பாக்காம எப்படி மண்ணு போடறது?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சனிக்கிழமை அடக்கத்துக்கு இனி என் அடுப்பு எரியாது என்று சொல்லிவிட்டேன். அவர் ஆடவில்லை, அசையவில்லை. சபையின் மூத்த பெண்கள் தாங்களே சட்டியைத் தூக்கி வைத்தார்கள். அன்றைக்குக் கோழி என்னுடையதைவிட நன்றாக இருந்ததாக என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அடுத்த வாரம் ஆர்டரை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பெர்சியிடம் கேட்டால், "செத்தவனோட அம்மா வந்து கையப் புடிச்சிக்குதுக்கா. எனக்கு மெஷின் இருக்கு, வேற ஆளப் பாருன்னா சொல்லச் சொல்ற? செவ்வாய்க்கிழமை வரைக்கும் தாங்கும் விடு" என்கிறான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் உங்கள் கூட்டாளி ரூஃபஸ் போன சேதி கேட்டிருப்பீர்கள். லாரியில் உட்கார்ந்தபடியே இருதயம் நின்றுவிட்டது. அவன் அடக்கத்துக்கும் பெர்சி நாற்காலியை விட்டுவிட்டுப் போனான். பாடி முடித்ததும் சபை அம்மாக்கள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். ஆள் வற்றிப்போனான், இரத்தம் ஊறட்டும் என்று, பன்றிக் கறி போட்டுக் கீரை வேகவைத்த தண்ணீரை ஆளுக்கொரு கோப்பை கொடுத்தார்கள். நம் ஊரில் நோயாளிக்குக் கொடுப்பது அதுதானே? ஒருத்தி கோப்பையை வாங்கி இன்னொருத்தி கோப்பையை மறுத்தால் சண்டை வரும் என்று அவனும் எல்லாவற்றையும் குடித்தான். மெஷின் ஓடாத உடம்புக்கு அந்தத் தண்ணீர் விஷம் என்று பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அதில் இருக்கிற பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் இருதயத்தைப் பிடித்துவிடுமாம்.

அந்தத் திங்கட்கிழமை என் கடையில் இறைச்சிப் பெட்டிக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தவன், "காலு எங்க போச்சுன்னே தெரியலக்கா" என்றபடி சரிந்தான். நம் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவை மூடிவிட்டார்கள், ஆம்புலன்ஸ் வேறு மாவட்டத்திலிருந்து வர வேண்டும். அதுவரை அவன் தலையை மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தேன். கைக்கு அகப்பட்டது சவ அடக்கக்காரர் பெயர் அச்சடித்த அட்டை விசிறி. பெர்சி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "அவன் பேர என் மூஞ்சிக்கு முன்னாடி ஆட்டாதக்கா, கூப்ட்டாங்கன்னு வந்துரப் போறான்" என்றான். என்ன ஜன்மம் அண்ணா இவன்!

பிழைத்துக்கொண்டான். ஆனால் இப்படி இன்னொரு முறை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு சிறுநீரகம் வைத்தால்தான் வழி. நான் இரத்தம் கொடுத்துப் பார்த்தேன், எனக்கும் சர்க்கரை. அவன் மகள் ஷனீஸுக்குச் சின்ன வயதிலேயே பிரஷர். எங்களிடம் இருக்கிற சரக்கெல்லாம் ஏற்கெனவே கெட்டுப்போனது.

மிச்சம் நீங்கள் ஒருவர். பதினெட்டு வயதில் இந்தத் தண்ணீரையும் எண்ணெயையும் விட்டுப் போனவர். "பெரியவன் பனி தள்ளித் தள்ளியே உடம்ப இரும்பாக்கி வச்சிருக்கான்" என்று பெர்சி உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லுவான். உங்களிடம் கேட்கக் கூடாது என்றும் அவனே என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். அதனால் நான் கேட்கவில்லை. ஒரு முறை இரத்தம் மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். பயமாக இருந்தால் பயம் என்று எழுதுங்கள், அதற்காக உங்களைக் குறைவாக நினைக்க மாட்டேன். ஆனால் சும்மா இருந்துவிடாதீர்கள். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
வெர்னிஸ்


மிசிசிப்பி
மே மாதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. திட்டுவதற்குத் தயாராகத்தான் பிரித்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் எண்ணெய் கருகிக் கடையெல்லாம் புகை.

ஷனீஸ் முதலில் கேட்ட உடனேயே, ஜனவரியிலேயே, யாரிடமும் சொல்லாமல் நீங்கள் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். உங்களுக்கும் சர்க்கரை, அதுவும் இன்று நேற்று வந்ததல்ல. உங்கள் சிறுநீரகத்திலேயே பாதி வேலை நின்றுவிட்டது. கொடுக்க முடியாதவன் எந்த முகத்தோடு போனை எடுப்பது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் போய் வாங்க மனமில்லாத ஆளோடு சேர்த்து எழுதினேனே அண்ணா. இங்கிருந்து போனவராவது தப்பித்தார் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த நம்பிக்கையில்தான் நான் தூங்கினேன்.

பெர்சியிடம் மறைக்க முடியவில்லை, படித்துக் காட்டினேன். என்னைப் பார்த்து முறைத்தான், சத்தியத்தை மீறிவிட்டேனாம். பிறகு சிரித்தான். "பாத்தியாக்கா, அப்பா யாருக்கும் வஞ்சன பண்ணல. சமமாப் பிரிச்சுக் குடுத்துட்டுத்தான் போயிருக்காரு" என்றான். அப்புறம் வெளியே போய்க் காரில் ஏறி உட்கார்ந்தான். காரை எடுக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. லொரீன் போய் அழைத்து வந்தாள். அவள் காதில் மட்டும், "பெரியவனுக்குச் சாவு வந்தா அங்க யாரு பாட்டெடுப்பா?" என்றானாம்.

அதற்குப் பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது, அதையும் எழுதுகிறேன். உங்களுக்காகவாவது இனி நாற்காலியை விட மாட்டேன் என்று சொன்னான். அடுத்த சனிக்கிழமை ஆர்விலின் அத்தைக்கு அடக்கம். பெர்சி நாற்காலியில் இருந்தபடி போனில் பாட்டெடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. நான் அவன் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் முதல் வரியைச் சொன்னதும் அடுத்த நாற்காலிக்காரர் கண்ணை மூடியபடி பிடித்துக்கொண்டார். அவருக்கு அடுத்தவர், எதிர்வரிசை, கடைசியில் சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல வந்த நர்ஸ். எல்லோர் கையிலும் குழாய், எல்லோர் வாயிலும் பாட்டு. நான் அழுதுவிட்டேன்.

சபையில் போன் இரண்டாவது வரியிலேயே அறுந்துவிட்டதாம். அங்கே எல்லோரும் எழுந்து நின்றபடி அடுத்த வரிக்குக் காத்திருந்திருக்கிறார்கள். யாரும் துணிந்து எடுக்கவில்லை. ஆர்வில் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. "அத்தை நடுவழியில நின்னுக்கிட்டு இருக்குது வெர்னிஸ்" என்று மட்டும் சொன்னான்.

பெர்சி கொடுத்த வாக்கு அதோடு முடிந்தது. போன சனிக்கிழமை மண்டபத்துப் பின்கட்டில் கோழி பொரித்துக்கொண்டிருக்கும்போது கல்லறைப் பக்கத்திலிருந்து பெர்சியின் குரல் வந்தது. நாற்காலியில் இருக்க வேண்டிய நேரம். கரண்டியோடு ஓடிப்போய் அவனை இழுத்து வர வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் வரியை முன்போல நீட்டாமல் மூச்சுக்காக நடுவில் நிறுத்தினான், சபையும் கூடவே நிறுத்திக் காத்திருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன். நல்ல சரக்கு எது, கெட்ட சரக்கு எது, எவனிடம் எவ்வளவு இறங்கலாம் என்று எனக்கு எல்லாம் தெரியும் அண்ணா. இதில் யாரிடம் போய்ப் பேரம் பேசுவது என்று தெரியவில்லை.

உங்களிடம் இனி எதுவும் கேட்க எனக்கு வாய் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மாத்திரையை விடாதீர்கள், உப்பைத் தொடாதீர்கள். என் கடையில் விற்கிற ஒன்றையும் சாப்பிடாதீர்கள் என்று நானே எழுதுகிறேன் பாருங்கள். அண்ணி உங்களைத் திட்டினால் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். அங்கிருந்து நம் ஆட்கள் எவருக்காவது அழுவதற்கு வருகிறார்கள், இல்லையென்றால் பெட்டியில் வருகிறார்கள். நீங்கள் ஒரு புதன்கிழமை வாருங்கள். அன்றைக்கு இங்கே யாரையும் புதைப்பதில்லை, பெர்சிக்கு மெஷினும் இல்லை, நானும் கடையைச் சாத்திவிடுகிறேன். மூன்று பேரும் மேசையில் உட்காருவோம். உப்பில்லாத மீன் எப்படி இருந்தாலும் குறை சொல்லாமல் சாப்பிட வேண்டும். கர்த்தர் உங்களை உங்கள் காலால் நடத்திக் கூட்டி வரட்டும்.

தாமதிக்காமல் வாருங்கள்,
உங்கள் தங்கை
வெர்னிஸ்